நாலு விரல் இடம்

கட்டில இறக்க வேண்டாம் சார். வண்டியிலயே இருக்கட்டும். டிரைவர் எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்துக்கிடுவாரு, நமக்குத் தெரிஞ்ச ஆளுதான். நீங்க உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல இரும்புத் தூளா இருக்கும், ஒரு தட்டு தட்டிட்டு உக்காருங்க.

பக்கத் தடுப்ப ஒரு முழம் ஒசத்தணும், நடுவுல ரெண்டு கம்பி சேத்து அடிக்கணும். அம்புட்டுத்தான? வேலைன்னு பாத்தா ஒரு மணி நேர வேலை. இந்த ராஜபாளையத்துல எந்தப் பட்டறைக்குப் போனாலும் அடிச்சுக் குடுத்துருவாங்க. நீங்க எங்கிட்ட வந்துட்டீங்க. யாரு அனுப்பினா? ஆட்டோ ஸ்டாண்டுல கேட்டீங்களா. சரி. அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அனுப்பிருக்க மாட்டாங்க.

பிள்ளைக்கு என்ன வயசு? ஆறா. பையனா. தலை நிக்குமா? கொஞ்சம் நிக்கும். ஒரு பக்கமா சரிஞ்சா தானா நிமிந்துருவானா? மாட்டானா.

ம்.

எனக்கு ஒரு பொண்ணு இருந்தா சார். ஜெயவர்ஷினி. வர்ஷின்னு கூப்பிடுவோம். இருந்திருந்தா இப்ப ஒம்பது முடிஞ்சிருக்கும். பிறந்தப்ப அழல. மூளைக்குக் காத்து போகலன்னு சொன்னாங்க. கையும் காலும் இறுகிக்கிடும், பேச்சு கிடையாது. ஆனா எல்லாம் புரியும். புரியாதுன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வந்துரும். அவங்க ஆச்சி செத்தப்ப வீட்டுல எல்லாரும் அழுதோம்ல, அவ எங்கள மாத்தி மாத்திப் பாத்துட்டு, எல்லாருக்கும் கடைசியா அழுதா. புரியாத பிள்ளை அப்படி அழுமா?

சிரிப்பு மட்டும் வந்துருச்சுன்னா அடங்காது. எதுக்குச் சிரிப்பான்னு நினைக்கிறீங்க? இந்தா, இந்தக் கிரைண்டருக்கு. கம்பிய வச்சு அமுக்குனா பொறி பறக்கும்ல, அதுக்கு. அந்த வாசல் தெரியுது பாருங்க, அதுக்கு அங்கிட்டுத்தான் எங்க வீடு. முன்னால பட்டறை, பின்னால வீடு. வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது, அதனால வெல்டிங் வைக்கும்போது திரைய இழுத்து விட்டுருவேன். கிரைண்டர் போடும்போது திரைய விலக்கிருவேன். விலக்குனதும் அங்கிட்டு இருந்து சிரிப்பு கேக்கும். வேலைக்குத் தேவையே இருக்காது, சும்மா ஒரு பழைய கம்பிய எடுத்துத் தேய்ப்பேன். எம்புட்டு கிரைண்டர் வீலு அப்படித் தேஞ்சிருக்கும்னு எனக்கே தெரியாது.

ஏழு வயசு வரைக்கும் தரையிலதான் படுத்தா. பாயில, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. எம் பொண்டாட்டி பேரு காளீஸ்வரி. அவதான் எல்லாம். தூக்கணும், குளிப்பாட்டணும், துணி மாத்தணும், ஒரு நாளைக்கு முப்பது தடவ குனிஞ்சு நிமிரணும். பிள்ளை வளந்துக்கிட்டே போகுது, இவ இளைச்சுக்கிட்டே போறா. ஒருநாள் குளிப்பாட்டிட்டுத் தூக்குனவ அப்படியே முட்டி போட்டு உக்காந்துட்டா. எந்திரிக்க முடியல. பிள்ளையக் கீழ போடாம மடியில வச்சுக்கிட்டே உக்காந்து என்னையக் கூப்பிட்டா. டாக்டரு முதுகெலும்புல ரெண்டு இடத்துல ஜவ்வு வெளிய தள்ளியிருக்குன்னாரு. இனிமே தரையில இருந்து பிள்ளையத் தூக்கவே கூடாது, இடுப்பு உசரத்துக்கு ஒரு கட்டிலு வாங்குங்கன்னாரு.

கட்டில் வந்தது தனிக் கதை. ரெண்டு தெரு தள்ளி ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தரு பக்கவாதம் வந்து படுத்திருந்தாரு. அவரு தவறினதும் அவரு மகன் வந்து எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டாரு. நீங்க கொண்டு வந்திருக்கீங்கள்ல, கிட்டத்தட்ட அதே கட்டில்தான். கால்மாட்டுல கைப்பிடி. ஒண்ணச் சுத்தினா தலைப்பக்கம் எந்திரிக்கும், இன்னொண்ணச் சுத்தினா முட்டிக்குக் கீழ எந்திரிக்கும். ரெண்டு பக்கமும் மடக்குற தடுப்பு.

தை மாசம் வந்துச்சு. அன்னைக்கு அவளத் தூக்கி அதுல படுக்க வச்சுட்டு நான் மெதுவாக் கைப்பிடியச் சுத்தினேன். தலைப்பக்கம் எந்திரிக்குது, கூடவே அவளும் எந்திரிக்கிறா. ஏழு வருசமா விட்டத்த மட்டும் பாத்த பிள்ளை சார். முதல்ல எங்க காலு தெரிஞ்சிருக்கும், அப்புறம் இடுப்பு, அப்புறம் மொகம். எங்க மொகம் நேருக்கு நேரா வந்ததும் சிரிச்சா பாருங்க. காளி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் இறக்கிட்டு மறுபடி சுத்தினேன். எத்தன தடவன்னு கணக்கில்ல.

கட்டில் நல்ல கட்டில். அதச் சொல்லிருதேன். கட்டில நான் குத்தம் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டில் வந்தப்புறம்தான் காளி முதுகு நிமிந்துச்சு.

என்ன ஆச்சுன்னா, தாசில்தாரு மெத்தை கல்லு மாதிரி இருந்துச்சு. அவளுக்கு இடுப்புப் பக்கம் செவந்து போச்சு. நான் சும்மா இருப்பேனா? நல்ல மெத்துன்னு பஞ்சு மெத்தை ஒண்ணு தச்சு அதுக்கு மேல போட்டேன். மெத்தை ஒசந்ததும் தடுப்பு தணிஞ்சு போச்சு. ஒருநாள் காலு இறுக்கம் வந்து ஒதறினா, பாதி உடம்பு தடுப்புக்கு மேல வந்துருச்சு. காளி பக்கத்துலயே நின்னதால பிடிச்சுட்டா. அப்புறம் அந்தக் கம்பிங்க பெரியவங்களுக்கு வச்ச கம்பிங்க, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல அவ முட்டி உள்ள போகும்.

நான் வெல்டர் சார். இருபத்திரெண்டு வருசமா இதுதான் வேலை. ஊர்ல பாதி வீட்டு வாசல் கேட்டு நான் அடிச்சது. எம் பிள்ளை கட்டிலுக்குத் தடுப்பு அடிக்க நான் யாருகிட்டப் போயிக் கேக்கணும்?

மூணு நாள் கடையில வேற வேலை எடுக்கல. முக்கால் அங்குல பைப்பு எடுத்து, நெருக்க நெருக்கமாக் கம்பி வச்சு, ஒவ்வொரு முனையையும் உருட்டித் தேச்சு, கையில ஒரு பிசிறு தட்டாது. உசரம் நல்லா வச்சேன். காளி குனியக் கூடாதுன்னு தடுப்பு முழுசாக் கீழ இறங்குற மாதிரி கீலு போட்டேன். அந்தக் கீலுக்கு இடம் வேணும்ல, அதனால பழைய தடுப்பு இருந்த இடத்துல வைக்க முடியல. கொஞ்சம் வெளிய தள்ளி வச்சேன். கொஞ்சம்தான். கிளிப்பச்சைப் பெயிண்டு அடிச்சேன். அவளுக்குப் பச்சைன்னா பிடிக்கும்.

மாட்டி முடிச்சுட்டு, கையில பச்சைப் பெயிண்டோடயே காளியக் கூப்பிட்டேன். வந்து பாத்தா. சுத்தி வந்தா. ஏத்தி இறக்கிப் பாத்தா. அப்புறம் மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவுல கைய விட்டா. முழங்கை வரைக்கும் போச்சு.

"இதுல கை போகுதுங்க" அப்படின்னா.

உன் கை போகும், அவ எப்படிப் போவான்னு கேட்டேன். அவ கைய எடுக்கல. நான் ஒரு போர்வையச் சுருட்டி அந்த இடத்துல திணிச்சேன். இப்பப் போகுதா பாருன்னேன். போகல. சரின்னுட்டுப் போயிட்டா. மூணு நாள் வேலை சார். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அது மனசுல இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

வாரத்துக்கு ஒருநாள் பள்ளிக்கூடத்துல இருந்து ரெஜினா மேடம் வருவாக. கை கால் பயிற்சி குடுக்க. வீட்டுலயே இருக்குற பிள்ளைங்களுக்கு அனுப்புவாங்கள்ல, அவுகதான். தங்கமான மனுசி. அவுக வந்து கட்டிலப் பாத்ததும் பையில இருந்து டேப்ப எடுத்துட்டாக. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எம் பட்டறையில வந்து டேப்ப எடுக்குறாகளேன்னு.

அவுக சொன்னது ஒரு எழுத்து எனக்கு மறக்கல. இது பெரியவங்க கட்டில்ணே, பிள்ளைங்களுக்குன்னு செஞ்சது இல்ல. பிள்ளைங்களுக்குக் கம்பிக்குக் கம்பி ஆறு சென்டிமீட்டருக்கு உள்ள இருக்கணும். நீங்க அஞ்சு வச்சிருக்கீங்க, அது சரி. ஆனா மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவுல இடமே இருக்கக் கூடாது. இங்க நாலு விரல் இருக்கு. தலைப்பக்கம் தூக்கினா மெத்தை நகரும், இந்த இடம் இன்னும் பெருசாகும், தூக்கி வச்சும் அளக்கணும். போர்வை, தலகாணி எதையும் வச்சு அடைக்காதீங்க, அது அமுங்கிரும், மொகத்துலயும் வந்து விழும். மேல ரெண்டாவது மெத்தை போடாதீங்க. பயிற்சி குடுக்கும்போது, சோறு ஊட்டும்போது, பக்கத்துல ஆளு இருக்கும்போது மட்டும் தலைப்பக்கத்தத் தூக்குங்க. நீங்க நகர்ந்து போறதா இருந்தா மட்டமா இறக்கி வச்சிட்டுப் போங்க.

அப்படியே சொன்னாக. சின்னப் பிள்ளைங்களுக்குன்னே செஞ்ச கட்டிலுக்கு எழுதிப் போடுறேன், வர்ற வரைக்கும் தரையில ஒரு மெத்தை போட்டுப் படுக்க வைங்க, தூக்குறதுக்கு நீங்க இருக்கீங்கள்ல அண்ணேன்னு கேட்டாக. ஒரு காகிதமும் குடுத்தாக, அப்பா அம்மா கையெழுத்துப் போடணும்னு.

எனக்குக் காதுல விழுந்தது ஒண்ணுதான் சார். அஞ்சு வச்சிருக்கீங்க, அது சரின்னாகள்ல, அது. டேப் இல்லாமலே நான் அஞ்சு வச்சிருந்தேன். கண் அளவு.

காகிதத்துல காளி கையெழுத்துப் போட்டுட்டா. நான் அப்புறம் போடுறேன்னு வச்சேன். வேலை மும்முரம். மறந்து போச்சு.

மாசி, பங்குனி நல்லாத்தான் போச்சு. சித்திரையில ஒருநாள் சாயங்காலம் காளி சொன்னா, இன்னைக்குப் பிள்ளை காலு அந்தச் சந்துல மாட்டிக்கிடுச்சு, எடுக்க முடியாம தவிச்சுப் போச்சு, கணுக்கால் செவந்துருக்கு பாருங்கன்னு. சத்தம் போடல அவ. அவ என்னைக்குமே சத்தம் போட மாட்டா. சோறு போட்டுக்கிட்டே சொன்னா. நான் போய்ப் பாத்தேன். செவப்பாத்தான் இருந்துச்சு. போர்வைய எடுத்துட்டு ஸ்பாஞ்சு வாங்கிட்டு வந்து மடிச்சுத் திணிச்சேன். ரெஜினா மேடம் அடைக்கக் கூடாதுன்னு சொன்னாகளேன்னு காளி கேட்டா. அவுக துணியத்தான் சொன்னாக, இது ஸ்பாஞ்சுன்னு சொன்னேன்.

அதுக்கும் ஒண்ணும் சொல்லல.

அதுதான் சார் அவகிட்ட எனக்குப் பிடிக்காதது. ஒண்ணும் சொல்ல மாட்டா. ஒரு விசயம் தப்புன்னா தப்புன்னு பிடிச்சு ஒலுக்கிச் சொல்லணும்ல? கத்தணும். சட்டியத் தூக்கிப் போடணும். அடுத்த வீட்டுல எல்லாம் பொம்பளைங்க என்ன பாடு படுத்துறாங்க. இவ ஒரு தடவ சொல்லுவா, நான் பதில் சொன்னா, சரின்னுருவா.

ஆனி மாசம். செவ்வாக்கெழமை. பிள்ளையோட மாற்றுத்திறனாளி அட்டையப் புதுப்பிக்குற முகாமு விருதுநகர்ல. பிள்ளையக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல, பழைய அட்டையும் டாக்டர் சீட்டும் போதும்னு சொல்லிருந்தாங்க. நான் போறேன்னு சொல்லிருக்கலாம். ஒரு கல்யாண மண்டபத்து வாசலுக்கு இரும்பு கேட்டு ஒண்ணு, அன்னைக்குக் குடுக்கணும். அதனால காளி கிளம்பினா. வெள்ளனே எந்திரிச்சு, பிள்ளையக் குளிப்பாட்டி, கஞ்சி குடுத்து, தல சீவி ரெண்டு பக்கமும் ரிப்பன் கட்டி விட்டா. எல்லாம் முடிச்சுட்டு இந்த வாசல்ல வந்து நின்னா. பைய கையில வச்சுக்கிட்டு.

"இன்னைக்கு மட்டும் கீழ மெத்தை போட்டுப் படுக்க வச்சிட்டுப் போகட்டுமா?"

இப்படித்தான் கேட்டா. இந்த வார்த்தைதான்.

கீழ படுத்தா அவளுக்குப் பட்டறை தெரியாது, அழுவா, நான் பாத்துக்கிறேன், நீ கிளம்பு, பஸ்ஸு போயிரும்னு சொன்னேன். அவ உள்ள போனா. கட்டில மட்டமா இறக்கி வச்சா, எனக்குக் கைப்பிடிச் சத்தம் கேட்டுச்சு. தடுப்ப ஏத்தினா. பிள்ளைகிட்ட ஏதோ பேசிட்டு வந்தா. திரும்ப இங்க நின்னா. தலைப்பக்கம் தூக்காதீங்கன்னு மட்டும் சொன்னா. தலையாட்டினேன்.

பத்து மணி இருக்கும். கேட்டுக்குத் தேய்ப்பு வேலை. திரைய விலக்கினேன். மட்டமாப் படுத்திருந்தா அவளுக்குப் பொறி தெரியாது. கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாக்குறா. ஆ, ஆன்னு கூப்பிடுறா. எனக்கு மனசு கேக்கல. போய்த் தலைப்பக்கத்தத் தூக்கினேன். நல்லா உக்காந்த மாதிரி. இந்தப் பக்கமாத் திருப்பி விட்டேன். வந்து கிரைண்டரப் போட்டேன். சிரிக்கிறா சார். ரிப்பனெல்லாம் ஆடுது. நான் இப்படி வச்சுத் தேய்க்கிறேன், அப்படி வச்சுத் தேய்க்கிறேன், பொறி அவ பக்கமாப் போற மாதிரி. அரை மணி நேரம் ரெண்டு பேரும் அதான் செஞ்சோம்.

அப்புறம் கீலு ஒட்ட வேண்டியிருந்துச்சு. வெல்டிங். வெளிச்சம் அவ கண்ணுல படக் கூடாதுன்னு எந்திரிச்சுப் போய்த் திரைய இழுத்து விட்டேன். போயிட்டு, கட்டில இறக்கலாமான்னு நினைச்சேன். நினைச்சேன் சார். நாலு கீலுதான, முடிச்சுட்டு மறுபடி தேய்க்கணும், மறுபடி தூக்கணும், எதுக்கு இறக்கிக்கிட்டுன்னு வந்துட்டேன்.

அந்த மொகமூடிய மாட்டிட்டா வெளிய ஒண்ணும் தெரியாது. மெசின் இரையும். பக்கத்துல ஆளு நின்னு கூப்பிட்டாலும் கேக்காது. நாலு கீலு. ரெண்டாவது கீலு சரியா உக்காரல, வெட்டி எடுத்துத் திரும்ப வச்சேன். இருபது நிமிசம் ஆயிருக்கும். போலீஸ்காரரு கேட்டப்பவும் இருபதுன்னுதான் சொன்னேன். இருபத்தஞ்சும் இருக்கலாம்.

முடிச்சுட்டுத் திரைய விலக்கினேன். அந்தப் பக்கம் பாக்கல. பாக்காமலே வந்து கிரைண்டர எடுத்துப் போட்டேன். அவளுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு. பொறி பறக்குது.

சிரிப்பு வரல.

நாமன்னா கைய ஊனி நிமிந்துருவோம். அவளுக்கு ஒரு பக்கம் சரிஞ்சா சரிஞ்சதுதான். திரை இருந்த பக்கமாத்தான் சரிஞ்சிருந்தா. நான் இருந்த பக்கம். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவுல. அம்புட்டுத்தான் நான் சொல்லுவேன். மத்தது வேண்டாம். ஸ்பாஞ்சு அமுங்கிக் கெடந்துச்சு.

தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இந்த ரோட்டுல செருப்பு இல்லாம. போற வழியில எல்லாம் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஓடினேன். டாக்டரு சின்னப் பொண்ணு. அது பிள்ளை கையப் பிடிச்சுப் பாத்துட்டு என்னைய உக்காரச் சொல்லுச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு.

காளிக்கு போன் போட்டேன். அவ பஸ்ல இருந்தா, திரும்பி வந்துக்கிட்டு இருந்தா. அட்டை குடுத்துட்டாங்க, அஞ்சு வருசத்துக்குக் கவலை இல்லைன்னு சொன்னா. அதான் முதல்ல சொன்னா. நான் பேசல. என்னங்க, என்னங்கன்னு ரெண்டு தடவ கேட்டா. அப்புறம் அவளும் பேசல. போன வைக்கவும் இல்ல. பஸ்ஸுல கண்டக்டர் ஊரு பேரச் சொல்லிக் கூப்பிடுறது எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூருன்னு ஒவ்வொரு ஊராக் கேட்டுக்கிட்டே அந்த ஆஸ்பத்திரிப் படியில உக்காந்திருந்தேன்.

போலீசு வந்தாங்க, கட்டில அளந்தாங்க, எழுதினாங்க. ஒருத்தரும் என்னைய ஒரு வார்த்தை சொல்லல. விபத்துன்னு முடிச்சுட்டாங்க. ரெஜினா மேடம் வந்தாக. காளியக் கட்டிப் பிடிச்சுட்டு இருந்தாக. போகும்போது எங்கிட்ட வந்து நின்னாக, ஏதோ சொல்லப் போறாகன்னு நினைச்சேன். அண்ணே, சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாக.

பதினாறாம் நாள் முடிஞ்சு காளி அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. அருப்புக்கோட்டை. சண்டையெல்லாம் இல்ல. எனக்கு ரெண்டு நாளைக்குக் குழம்பு வச்சிட்டுப் போனா. அங்க ஒரு நூல் மில்லுல சேந்துட்டா, நூல் சுத்துற எடத்துல. முதுகு எப்படித் தாங்குதுன்னு தெரியல.

ஒரு வருசம் கழிச்சு இந்த ஆனியில போனேன். திதிக்குக் கூப்பிட. சோறு போட்டா. மில்லுல ஷிப்டு மாத்துனதப் பத்தி, தம்பி மகன் பள்ளிக்கூடத்தப் பத்தி எல்லாம் பேசினா. இதப் பத்தி மட்டும் பேசல. எனக்குப் பொறுக்கல. கேட்டுட்டேன். நீ ஏன் அன்னைக்கு எங்கிட்டக் கேட்ட? கீழ படுக்க வச்சிட்டுப் போயிருக்க வேண்டியதுதான? நான் என்ன உன் கையப் பிடிச்சா வச்சிருந்தேன்? எல்லாத்தையும் கேட்டுத்தான் செய்யணுமா? அந்த ஒரு நாள் என் பேச்சக் கேக்காம இருந்திருக்கலாம்ல?

தட்ட எடுத்துக்கிட்டு இருந்தா. கீழ வச்சிட்டா.

"நீங்க பெயிண்டு கையோட நின்னீங்க. நல்லா இருக்குன்னு நான் சொல்லணும்னு நின்னீங்க. எத்தன தடவ சொல்றது நான்?"

அம்புட்டுத்தான். தட்ட எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. நான் பஸ்ஸு ஏறி வந்துட்டேன்.

அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் பிடிபடல சார். நான் கேட்டது வேற, அவ சொன்னது வேற. பெயிண்டுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? எத்தன தடவ சொன்னாளாம்? ஒரு தடவ, கை போகுதுன்னா. ஒரு தடவ காலு மாட்டுச்சுன்னா. அன்னைக்கு வாசல்ல ஒரு தடவ. அதுக்கு அப்புறம் தூக்காதீங்கன்னு ஒண்ணு. அதெல்லாம் சொல்றதா? சத்தமாச் சொல்லல. ஒரு தடவ கூடச் சத்தமாச் சொல்லல. என் குறை அதுதான். என் பேச்சக் கேட்டுட்டா. எட்டு வருசம் பிள்ளைய உள்ளங்கையில வச்சிருந்தவ, என் பேச்சப் போயிக் கேட்டுட்டா.

இருங்க. தண்ணி குடிச்சுக்கிறேன்.

அந்தக் கட்டிலா? பக்கத் தடுப்ப அறுத்துப் போட்டுட்டேன். மூணு நாள் அடிச்சது, அறுக்க அஞ்சு நிமிசம் ஆகல. கட்டில ரெஜினா மேடம் ஒரு வயசான அம்மாவுக்கு வாங்கிட்டுப் போயிட்டாக. அவங்களுக்கு நல்லா உதவியா இருக்காம்.

உங்க கட்டிலுக்கு வருவோம். நான் கம்பி அடிக்க மாட்டேன் சார். கோவிச்சுக்காதீங்க. வேற பட்டறைக்கும் போகாதீங்க, அவங்க அடிச்சுக் குடுத்துருவாங்க, அதான் பயம். நம்ம பிள்ளைக்கு நாமளே ஒண்ணச் சேத்து அடிச்சா நல்லாத்தான் தோணும். இந்தா டேப்பு. வாங்க, வண்டியிலயே வச்சு அளப்போம். மட்டமா ஒரு தடவ, தலைப்பக்கம் தூக்கி ஒரு தடவ, காலு தூக்கி ஒரு தடவ. எழுதிக்கோங்க. எழுதி ரெஜினா மேடத்துகிட்டக் காட்டுங்க, நம்பர் தர்றேன். அவுக இதுவே போதும்னு சொன்னாலும் சரி, பிள்ளைங்க கட்டிலுக்கு எழுதிப் போடுவோம்னு சொன்னாலும் சரி, அதுபடி செய்ங்க. காகிதம் குடுத்தா அன்னைக்கே கையெழுத்துப் போட்டுருங்க. அது வரைக்கும் கீழ மெத்தை போட்டுப் படுக்கட்டும். தூக்குறதுக்கு நீங்க இருக்கீங்கள்ல.

ஒண்ணு கேக்கட்டுமா? வீட்டுல யாரு பிள்ளையத் தூக்கிப் படுக்க வைக்கிறது? உங்க வீட்டுக்காரம்மாவா. அவங்க இந்தக் கட்டிலப் பாத்துட்டு என்ன சொன்னாங்க?

ஒண்ணும் சொல்லலயா.

ஒண்ணும் சொல்லாம இருந்திருக்க மாட்டாங்க சார். போனப் போடுங்க. இப்பவே போடுங்க. ஸ்பீக்கர் வேண்டாம், எங்கிட்டக் குடுங்க.

ஹலோ, அம்மா? நான் ராஜபாளையத்துல வெல்டிங் பட்டறை வச்சிருக்கேம்மா, பேரு சௌந்தரபாண்டி. உங்க வீட்டுக்காரரு இங்கதான் இருக்காரு, ஒண்ணுமில்ல, பதறாதீங்க. இந்தக் கட்டிலப் பத்தி உங்ககிட்டக் கேக்கணும்னுதான். உங்களுக்கு எது உறுத்துதுன்னு சொல்லுங்க. எது சின்னதா இருந்தாலும் சரி. மெதுவாச் சொல்லுங்கம்மா, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

இல்லம்மா, வேலை ஒண்ணும் ஓடல, மெசின நிப்பாட்டிட்டேன். கேக்குது. சொல்லுங்க.